அப்பாக்கள் விழுந்த மரங்கள்

எல்லா அப்பாக்களும் மரத்திலிருந்து விழுந்துவிட்டார்கள் என்ற செய்தி, பேருந்து மாகறலைத் தாண்டும்போதுதான் டியூஷன் வாத்தியார் தமிழரசனுக்குத் தெரிந்தது.

காஞ்சிபுரத்தில் தேர்வு எழுதிவிட்டு உத்திரமேரூர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முகத்திலும் கவலை இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளைக்குக் கவலை இல்லையென்றால் வாத்தியாருக்குக் கவலை வரத்தான் செய்யும். முன்சீட்டில் இருந்த ஹாரிஸ், துணிக்கடை காதர் பாயின் மகன். எதைப் பற்றி எழுதினாய் என்று அவனிடம் மெதுவாக விசாரித்தார்.

"எங்கப்பா தென்ன மரத்துலேர்ந்து வியுந்தாரே, அதப் பத்தி சார்."

தமிழரசன் அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார்.

"எங்கப்பா புளியமரம் சார்."

அடுத்தவனுடைய அப்பா முருங்கை மரத்திலிருந்து விழுந்திருந்தார். நிலபுலம் உள்ள முத்துகிருஷ்ணனின் மகள் இளவரசி, தன் அப்பாவைப் பப்பாளி மரத்தில் ஏற்றிவிட்டிருந்தாள். ஒரு பையன் மட்டும் புதுமை செய்வதாக நினைத்துக்கொண்டு, அப்பாவைக் கீழேயே நிறுத்திவிட்டு மரத்தை விழவைத்திருந்தான்.

"நான் எழுதிக் குடுத்தத அப்டியே எழுதாதீங்க, சொந்தமா மாத்தி எழுதுங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"மாத்தித்தானே சார் எயுதினோம்," என்றான் ஹாரிஸ். "நீங்க பனமரம்னு போட்டிருந்தீங்க."

மீதிப் பிள்ளைகளிடம் போய்க் கேட்க அவருக்குத் துணிவு இல்லை. கம்பியைப் பிடித்தபடி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.  ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மரங்களைப் பார்ப்பதற்கே அவருக்குப் பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம், வட்டத்துக்கு ஒரு பிள்ளைக்கு மூன்று வருடப் படிப்பும் விடுதியும் இலவசம் என்று அறிவித்திருந்தது. மதிப்பெண் பார்க்கமாட்டார்களாம். 'என் வாழ்வை மாற்றிய நிகழ்ச்சி' என்று ஒரு கட்டுரை எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம். படைப்பாற்றலுக்கே முதலிடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உரக்கடை மாடியில் டியூஷன் நடத்தும் தமிழரசன் அந்த ஒற்றை இடத்தை எப்படியாவது தன் பிள்ளைகளில் ஒருவருக்கு வாங்கித் தந்துவிடுவது என்று துணிந்தார். பெற்றோர்களைக் கூப்பிட்டு வாக்கும் கொடுத்துவிட்டார். அவருக்கு அந்த இடம் அவ்வளவு வேண்டியிருந்தது. இரண்டு வருடமாக அவரிடம் படித்தவர்களில் ஒருத்தரும் சொல்லிக்கொள்ளும்படி எங்கும் போய்ச் சேரவில்லை. இந்த வருடமும் போய்விட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு உரக்கடைக்கே கணக்கு எழுதப் போக வேண்டியதுதான்.

முதல் நாள் ஆளுக்கொரு கட்டுரை எழுதச் சொன்னார். உத்திரமேரூர்ப் பிள்ளை பேனாவைத் திறந்தால் முதலில் வருவது குடவோலைதான். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம்ம ஊரில் பானையில் ஓலையைப் போட்டுக் குலுக்கித் தேர்தல் நடத்தினார்கள் என்று ஆளாளுக்கு ஆரம்பித்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தாள்களைப் படிக்க உட்கார்ந்தவர், பத்துப் பன்னிரண்டு பானைகளைத் தாண்டுவதற்குள் சொக்கிப்போய், எதைப் படித்தோம் எதைப் படிக்கவில்லை என்றே தெரியாமல் அப்படியே தூங்கிவிட்டார். எழுந்தபோது சாயங்காலம். எழுந்தவுடன் அந்தக் கதை தானாக அவர் மனசுக்குள் வந்து நின்றது.

நுங்கு வெட்டப் பனை ஏறிய அப்பா கால் தவறிக் கீழே விழுகிறார். ஓடிவந்த மகளிடம், வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், 'குலை உடைஞ்சிதா?' என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியில்தான் மகள் படிக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறாள்.

எழுதி முடித்தபோது தமிழரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது அவர் எழுதி அனுப்பிய கதைகள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தவை. உனக்குக் கற்பனை கிடையாதப்பா என்று ஒரு நண்பன் முகத்துக்கு நேராகச் சொன்னது இருபது வருடமாக அவருக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. இப்போது யாராவது வந்து சொல்லிப்பார்க்கட்டும் என்று இருந்தது. பெருமை தாங்காமல் மறுநாளே அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, படைப்பாற்றல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். வாத்தியார் பலகையில் எழுதிப்போட்டதை மனப்பாடம் செய்வது பிள்ளைகளுக்குப் பத்து வருடப் பழக்கம். செய்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி பவளத்திடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"பப்பாளி மரத்துல யாருங்க ஏறுவா?"

"அதான் எனக்கும் தெரியல."

"சும்மா கெடங்க. அவங்க இன்னா எல்லாத்தயும் படிச்சிக்கினா இருக்கப்போறாங்க?"

படித்துவிட்டார்கள். அந்த வாரமே போன் வந்தது. பேசியவர் சமூகப்பணித் துறைப் பேராசிரியர் ஆதிலட்சுமி. உத்திரமேரூர்க் கட்டுரைகளைப் படித்ததிலிருந்து தனக்கு மனசே சரியில்லை என்றார். ஒரே வட்டத்தில் இத்தனை அப்பாக்கள் மரத்திலிருந்து விழுந்திருப்பது தமிழ்நாட்டில் வேறு எங்குமே நடந்ததில்லையாம். பேசும்போது அந்த அம்மாவின் குரல் அடிக்கடி தழுதழுத்து நின்றது. அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று தமிழரசனுக்குப் புரிந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எலும்பு மருத்துவரையும் எக்ஸ்ரே வண்டியையும் அழைத்துக்கொண்டு நேரில் வருவதாகவும், எல்லா அப்பாக்களையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். யாருக்கு இடம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுவார்களாம்.

 எல்லாரும் குணமாகிவிட்டார்கள், மருத்துவர் எதற்கு என்றார் தமிழரசன்.

"அப்படியா? யார் குணப்படுத்தினாங்க?"

"இங்க ஒரு நாட்டு வைத்தியர் மேடம். கட்டு கட்டுவாரு."

"அவரையும் பார்க்கணுமே."

"பார்க்கலாம் மேடம். ஆனா இப்ப முடியாது. அவரும் விழுந்துட்டாரு."

மறுமுனையில் மேடம் இருமினார். பிறகு, "எந்த மரம் சார்?" என்று கேட்டார்.

"வேப்ப மரம்," என்று சொல்லிவிட்டுத் தமிழரசன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றாள் பவளம். சொன்னால் காப்பியடித்த கூட்டம் என்று வட்டத்துக்கு உள்ள அந்த ஒற்றை இடத்தையும் பிடுங்கிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். வேறு வழியில்லாமல் பெற்றோர்களை மாடிக்கு வரவழைத்துக் கையைப் பிசைந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லாரும் கொஞ்சம் நொண்ட வேண்டும் என்று கெஞ்சினார்.

முத்துகிருஷ்ணன் எழுந்து நின்றுவிட்டார். ஏரிப்பாசனத்தில் பெரிய பண்ணை, ஊரில் நாலு பஞ்சாயத்துக்கு அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

"அல்லாருக்கும் உருப்படியா ஒரு மரம் குடுத்துட்டு எனக்கு மட்டும் பப்பாளியா? நாளைக்கி ஒரு நியாயம் பேச எவன் என்னாண்ட வருவான்?"

காதர் பாயின் வருத்தம் வேறு. தன் குடும்பத்தில் தென்னை ஏறியவர் யாரும் இல்லை என்றும், கடையில் மேல்தட்டுத் துணியை எடுக்க ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும் என்றும், கடைக்கு வருகிறவர்கள் இனி தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றும் சொன்னார். முருங்கை மரத்துக்காரர் தன் மகனை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார்.

தமிழரசனுக்கு அழுகையே வந்துவிட்டது. இருப்பது ஒரே ஒரு இடம், யார் அப்பாவைப் பார்த்து அந்த அம்மாவுக்கு மனசு இளகுகிறதோ அந்தப் பிள்ளைக்குத்தான் கிடைக்கும் என்று, வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

சொல்லியிருக்கக் கூடாது. அதுவரை மானம் போகிறது என்று குதித்தவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்குப் போவதற்குள்ளேயே காதர் பாய் மருந்துக்கடையில் நுழைந்து கழுத்துப் பட்டை ஒன்று வாங்கிவிட்டார். அதைக் கேள்விப்பட்ட முத்துகிருஷ்ணன் தன்னைக் கட்டிலோடு தூக்கிவர நாலு ஆளுக்குச் சொல்லிவைத்தார். பப்பாளி மரம் உயரம் கம்மிதான், ஆனால் கீழே கருங்கல் இருந்தது என்று கதையையும் பலப்படுத்திக்கொண்டார். புளியமரத்துக்காரர் தனக்குப் பேச்சே நின்றுவிட்டதாக இருக்கட்டுமா என்று வந்து கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று தமிழரசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஒத்திகை. கல்யாண மண்டபத்தில் எல்லாரையும் வரிசையாக நடக்கவிட்டுப் பார்த்தார். நொண்டுவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. பாதி பேர் போகும்போது ஒரு காலையும் வரும்போது மறு காலையும் நொண்டினார்கள். ஒவ்வொருவருக்கும் எந்தக் கால் என்று நினைவுபடுத்தி, விழுந்தவுடன் என்ன கேட்டீர்கள் என்றால் 'குலை உடைஞ்சிதா?' என்றுதான் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பப் பழக்கினார். கட்டுரையில் அதுதான் உயிர். முருங்கைக்கு ஏது குலை என்று ஒருத்தர் கேட்டார். அது இருக்கட்டும், சொல்லுங்கள் என்றுவிட்டார்.

கடைசியாக ஒரு மெலிந்த ஆள் தடி ஊன்றிக்கொண்டு நடந்தார். ஏரிக்கரைப் பக்கத்துக் குடிசைகளிலிருந்து படிக்க வரும் வளர்மதியின் அப்பா, பெயர் செங்கேணி. தமிழரசன் அவரை அன்றுதான் பார்க்கிறார். ஆள் இடது காலை ஒரு தடவை இழுத்தார், ஒரு தடவை தூக்கிப் போட்டார், நடுவில் நின்று லேசாகச் சிரித்தார்.

"அப்டி இல்லீங்க. வலிக்கிறவன் சிரிப்பானா? ஒரே சீரா நொண்டணும். காதர் பாயப் பாருங்க, எவ்ளோ நல்லா பண்றாரு."

"சரிங்க சார்," என்று செங்கேணி காதர் பாயை ஒரு நிமிடம் கவனித்துப் பார்த்தார். மறுபடி நடந்துகாட்டினார். இன்னும் மோசமாக இருந்தது. இந்த ஆளைப் பார்த்தால் காரியமே கெட்டுவிடும் என்று தமிழரசனுக்குப் பட்டது. நாளைக்குக் கடைசியில் ஒரு மூலையில் உட்காருங்கள், யாராவது கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கல்யாண மண்டபம் யுத்தகளம் மாதிரி இருந்தது. கழுத்துப் பட்டையோடு காதர் பாய். கட்டிலில் முத்துகிருஷ்ணன், பக்கத்தில் விசிறிக்கொண்டு இரண்டு ஆள். தலையில் கட்டு, கையில் தூளி, பஞ்சு, துணி என்று ஊரில் இருந்த மருந்துக்கடைச் சரக்கெல்லாம் அங்கேதான் இருந்தது. வெள்ளை வண்டியிலிருந்து ஆதிலட்சுமி மேடம் இறங்கி உள்ளே வந்தார். ஒரே ஒரு பார்வை பார்த்தார். பார்த்தவுடனே கைக்குட்டையால் வாயை அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். வெகு நேரம் கழித்துத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று தமிழரசனுக்கே பாவமாக இருந்தது.

"நாட்டு வைத்தியர் எங்க சார்?"

"இன்னும் மயக்கம் தெளியல மேடம்."

அந்த அம்மா தலையை ஆட்டி அதைக் குறித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு அப்பாவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். விழுந்தவுடன் முதலில் என்ன கேட்டீர்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. குலை உடைஞ்சிதா என்றார் காதர் பாய். குலை உடைஞ்சிதா என்று கட்டிலிலிருந்து முனகினார் முத்துகிருஷ்ணன். எந்தக் குலை என்று மேடம் அன்பாகக் கேட்க, பப்பாளிக் குலைதான் என்று கண்ணை மூடிக்கொண்டார். முருங்கைக்காரரும் சொன்னார். மரம் மேலே விழுந்தவரும் சொன்னார்.  தமிழரசன் எழுதியதிலேயே அழகான வரி அது. அதை வரிசையாகக் கேட்கக் கேட்க அவருக்கே குமட்டியது.

கடைசியில், எது நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தாரோ அது நடந்தது. மேடம் மூலையில் இருந்த செங்கேணியிடம் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார். அதே கேள்வி.

"நான் எங்க கேட்டேம்மா," என்றார் செங்கேணி. "எனக்குத்தான் நெனப்பே இல்லியே."

தமிழரசன் தலையில் அடித்துக்கொண்டார். கற்றுக்கொடுத்ததே ஒரு வரி, அதையும் இந்த மனுஷன் கோட்டை விட்டுவிட்டார். மேடம் எழுந்து மருத்துவரிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேர் வந்து செங்கேணியைத் தாங்கிப் பிடித்து எக்ஸ்ரே வண்டிக்குள் அழைத்துப்போனார்கள். மற்றவர்கள் யாரையும் வண்டிக்குப் பக்கத்தில்கூட விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மருத்துவர் இறங்கி வந்து, இந்த ஆளை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று சொல்வது காதில் விழுந்தது.

மாட்டிக்கொண்டோம் என்று தமிழரசன் முடிவு கட்டிவிட்டார். பொய் சொன்னதற்குப் போலீஸுக்குத்தான் இழுத்துப்போகிறார்கள், ஆஸ்பத்திரி என்பது ஒரு பேச்சுக்கு. இனி இந்த ஊரில் யார் முகத்தில் விழிப்பது என்று ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். முத்துகிருஷ்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா வாத்தியாரே இது. ஒரு கட்டு கெடயாது, ஒரு பட்டை கெடயாது. சிரிச்சிக்கினு இருந்தவனப் போயி கூட்டிக்கினு போறாங்க."

"நமக்குத்தான் பேஜாரு," என்று காதர் பாய் கழுத்துப் பட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்.

மேடம் மண்டபத்தின் நடுவில் வந்து நின்றார். சுற்றி வளைக்காமல் பேசினார். படைப்பாற்றலுக்கே முதலிடம் என்று அறிவித்தது தாங்கள்தான் என்றும், அதற்காக இப்போது வெட்கப்படுவதாகவும் சொன்னார்.

"இந்த ஊர்லேர்ந்து வந்த கட்டுரைகள்ல ஒண்ணே ஒண்ணுலதான் கற்பனைன்னு எதுவுமே இல்ல. அதைப் படிச்சிட்டுத்தான் நாங்க இந்த வண்டியையே எடுத்துட்டு வந்தோம். இடம் வளர்மதிக்கு."

 நடிக்கத் தெரியாதவன் மாதிரி நடித்தான் பார், அதுதான்யா நடிப்பு என்று முத்துகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். அவரைத் தூக்கிவந்த நாலு பேரும் காசு வாங்காமல் போகமாட்டோம் என்று கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

தமிழரசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இடம் கிடைத்துவிட்டது. தன் மாடியில் படித்த ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகிறது. எப்படிக் கிடைத்தால் என்ன, தான் எழுதிய கதையால்தானே கிடைத்தது என்று நினைத்தபோது, இருபது வருடமாகத் தைத்துக்கொண்டிருந்த முள் மெல்லக் கழன்று விழுவது போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். எக்ஸ்ரே வண்டியின் படியோரம் வளர்மதி, அப்பாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பஸ்ஸில் அன்றைக்குத் தான் கேட்காமல் விட்ட கடைசி வரிசையில் இருந்தவள் இவள்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"நல்லா வருவம்மா," என்று அவள் தலையைத் தொட்டார். "ஆமா, நீ எந்த மரத்தப் போட்ட?"

வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கப்பா வியுந்தத மொத நாளே எயுதிக் குடுத்தேன் சார், நீங்க அத அல்லாருக்கும் குடுத்துட்டீங்க, எனக்குன்னு வேற ஒண்ணும் இல்ல, அதான் உங்களப் பத்தி எயுதிட்டேன்."